உன் குழந்தைக்கு நான் கேட்டு வாங்கிய சேலை

கண்ணு, இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். கூப்பிடும்போதெல்லாம் நீ பாப்பாவின் முகத்தைக் காட்டிவிடுகிறாய். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் இங்கே பனி அதிகம், காப்பிக்கு இந்த வருஷம் நல்ல விலை என்று எதையாவது உளறிவிட்டு வைத்துவிடுகிறேன். ஆள் எதிரே இல்லாவிட்டால்தான் எனக்கு உண்மை பேச வரும் போலிருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் என் மருமகள் நிவேதாவிடம் கொடு. அதற்குப் பிறகு, கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறீர்களே, நீ அந்தச் சேலையின் படத்தைப் போட்ட குழு, அதிலும் இதைப் போட்டுவிடு. அப்பாவின் மானம் போகுமே என்று யோசிக்காதே. போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். பாப்பாவுக்கு வாங்கும் பொருள் எதுவும் யாரையும் ஏய்த்து, யாரையும் வாட்டி வந்ததாக இருக்கக் கூடாது என்று நீயும் நிவேதாவும் முடிவு செய்திருப்பதாக ஐப்பசி மழையில் ஒருநாள் சொன்னாய். சட்டை என்றால் பருத்தி விளைவித்தவனுக்கும் தைத்தவளுக்கும் நியாயமான கூலி போயிருக்க வேண்டும். கிலுகிலுப்பை என்றால் அதைக் கடைந்தவரின் ஊர் தெரிய வேண்டும். சோப்பு, எண்ணெய், போர்வை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ஈறு அரித்தால் கடித்துக்கொள்ள வேப்பங்கட்டையில் ஒரு வளையம் வாங்கியிருக்கிறோம் என்று நீ சொன்னபோது, "அவ என்ன வெள்ளாட்டுக் குட்டியா கண்ணு, கட்டையக் கடிக்க?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். எனக்கும் வெளியே கிண்டல், உள்ளே பெருமை. நான் பெற்ற பிள்ளை ஒரு சட்டையை வாங்கும்போது அதைத் தைத்தவளை நினைக்கிறானே என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். அந்தப் பெருமையில் பாதியை எனக்கே எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்த்த விதம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. யாரையும் ஏய்க்காமல் செய்தது என்று அந்தப் பொருள்களின் மேல் ஒட்டியிருக்கும் முத்திரையை நீ காட்டியபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். எங்கள் எஸ்டேட்டில் காப்பி வாங்கும் கம்பெனியும் அதுபோல ஒரு முத்திரை ஒட்டித்தான் வெளிநாட்டில் விற்கிறது. அதற்காக வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகும். அவர்கள் வருவதற்கு முன்தினம் கிரீச் ரூமைத் திறப்போம். வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போவதற்காக அந்தக் காலத்தில் கட்டிய அறை அது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா ஓய்வு பெற்ற பிறகு வேறு ஆள் போடவில்லை. அறையில் இப்போது தண்ணீர் பைப்பும் மருந்து அடிக்கும் டப்பாக்களும்தான் கிடக்கின்றன. ஆள் வரும் நாளில் அவற்றை எடுத்து வெளியே வைத்து, தரையைக் கழுவி, சுவரில் யானைப் படம் ஒட்டி, பாய் விரித்து வைப்போம். மறுநாள் பைப் உள்ளே போய்விடும். சாவி என் இடுப்பில் இருக்கும் கொத்தில்தான் இருக்கிறது. இதைச் சொன்னால் நீ வாங்கியதெல்லாம் பொய் என்று ஆகிவிடுமோ என்று அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன். உனக்குச் சட்டை விற்றவர்கள் எங்களைப் போல இல்லாமல் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பொங்கலுக்குப் பாப்பாவை முதல்முறையாக மலைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம், கடையில் விற்கும் ஸ்பிரிங் தொட்டில் வேண்டாம், பழைய கைத்தறிச் சேலையில் தொட்டில் கட்டலாம் என்றாய். "அம்மாவோடது நல்லா நைஞ்சது ஒண்ணு எடுத்து வைங்கப்பா" என்றாய். அம்மா பீரோவைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தாள். பருத்திச் சேலை ஒன்றுகூட இல்லை. "இந்தப் பனில பருத்தி எங்கீங்க காயுது? நனைச்சா ஒரு வாரம் கொடியில கெடக்கும். நா சிந்தெடிக்குக்கு மாறி நொம்ப வருசமாச்சு" என்றாள். இருந்தது முழுக்க வழவழப்பாக மின்னும் சேலைகள்தான். நீ கேட்ட ஒரே பொருள், காசு கொடுத்துக் கடையில் வாங்க முடியாத பொருள், அதுவும் நம் வீட்டில் இல்லை என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. நீ இருக்கும் பெங்களூரில் எல்லாம் கிடைக்கும், ஆனால் பிள்ளையைப் போட்டு ஆட்டி ஆட்டி நைந்த துணி மலையில்தான் கிடைக்கும் என்று உன்னிடம் பெரிதாகப் பேசியும் வைத்திருந்தேன்.

பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடக் கூடாது, நாலு பிள்ளை நன்றாக வளர்ந்த வீட்டில் பழைய துணி வாங்கிப் போட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். உனக்கும் அப்படித்தான் செய்தோம். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஒரு அம்மா பழைய வேட்டித் துணியைக் கிழித்து, வெந்நீரில் அலசிக் கொண்டுவந்து கொடுத்தார். அதை நினைத்துத்தான் எனக்கு அந்த யோசனையே வந்தது. பழைய துணி கேட்பதில் என்ன இருக்கிறது, கொடுக்கிறவர்களுக்கும் அது சந்தோஷம்தானே என்று எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா தானாகக் கொண்டுவந்தாரா, யாராவது போய்க் கேட்டோமா என்று இப்போது உன் அம்மாவிடம் விசாரித்தேன். அவளுக்கும் நினைவில்லை. அப்போது அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை என்றுதான் அர்த்தம்.

கொட்டச்சேடு ரோட்டுப் பக்கம் சரிவில் இருக்கும் காட்டில் இந்த மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கிறவர்களில் கவிதா என்று ஒரு பெண். கல்யாணமாகிக் குப்பனூர்ப் பக்கம் இருந்து மேலே வந்தவள். மாமியார் பாப்பாத்தியும் அவளும் ஒரே வரிசையில் பறிப்பார்கள். அவளுக்கு ஒரு பையன், நம் பாப்பாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன். வேலைக்கு வரும்போது அவனையும் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் கயிறு கட்டி, அதில் தொட்டில் போட்டுவிட்டுப் பறிக்கப் போவாள். அது அவள் அம்மா வீட்டுக் கைத்தறிச் சேலை. வெங்காயத் தோல் நிறத்தில், பஞ்சு மாதிரி ஆகிவிட்டிருந்தது. காலையில் ரவுண்டு போகும்போது தினமும் அந்தத் தொட்டிலைத் தாண்டித்தான் போவேன். போகிற போக்கில் ஒரு தள்ளு தள்ளிவிட்டும் போயிருக்கிறேன். நீ சேலை என்று சொன்னதும் என் கண்ணில் வந்து நின்றது அந்தச் சேலைதான்.

மறுநாள் அங்கே நின்று கேட்டேன். "ஏங்கண்ணு கவிதா, இந்த மாதிரி பஞ்சாட்டமா ஒரு சேல உங்கூட்ல கெடக்குமா? பேத்தி வர்றா, தொட்டில் கட்டோணும்." இந்த மாதிரி என்றுதான் கேட்டேன், இதைக் கொடு என்று கேட்கவில்லை. என் மனசுக்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானம் இது. அவள் தொட்டிலை ஒருதரம் பார்த்தாள். பாப்பாத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கவிதா முந்திக்கொண்டு, "இருக்குதுங்க சார், நாளைக்குக் கொண்டாறேனுங்க" என்றாள். பாப்பாத்தி கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டாள்.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன்னோடு அந்தக் குழுவில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் முதலாளி இல்லை, மேனேஜரும் இல்லை. எஸ்டேட் ரைட்டர். யார் இன்றைக்கு எந்தக் காட்டுக்குப் போவது என்று சொல்கிறவன். பழம் நிறைய இருக்கும் சமதளமா, முழங்கால் உடையும் சரிவா என்பது என் வாயில் இருக்கிறது. குழந்தை அழுதால் பால் கொடுக்கப் போகும் பெண் கொஞ்சம் தாமதித்தால், அதைக் கண்டும் காணாமல் விடுவதும் விடாததும் என் இஷ்டம். யாருக்கும் கெடுதல் செய்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறவன்தான் நான். ஆனால் கெடுதல் செய்ய முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் தொட்டில் பக்கத்தில் நின்று சேலை கேட்டால் அந்தப் பெண் என்னதான் சொல்வாள்? முதலாளி கேட்டிருந்தால்கூட அவர் எப்போதாவது வருகிறவர், ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். நான் தினமும் வருகிறவன்.

மறுநாள் விடிந்ததும் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சேலை துவைத்து மடித்திருந்தது. பனியில் காயாது என்று அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைத்திருக்கிறாள், புகை வாசம் அடித்தது. நான் சும்மா வாங்கவில்லை, கண்ணு. தீபாவளிக்கு எடுத்து அம்மா உடுத்தாமல் வைத்திருந்த பச்சைச் சேலையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். பழையதுக்குப் புதியது, நீ சொல்கிற நியாயமான வியாபாரத்தில் நானும் ஒருத்தன் என்று எனக்கு அப்போது ஒரே திருப்தி. "எதுக்குங்க சார் இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். அம்மா சேலையைப் பிரித்துப் பார்த்தாள். "ஏனுங்க, ரெண்டு மொனையிலயும் முடிச்சுப் போட்ட தடம் கெடக்குது பாருங்க. புள்ள படுத்துட்டு இருந்ததையே அவுத்துட்டு வந்துட்டாளாட்ட இருக்குது. திருப்பிக் குடுத்துருங்க" என்றாள். "அவளே ஆசையாக் குடுத்தா. உனக்கென்ன வந்துச்சு?" என்று எரிந்து விழுந்தேன்.

அந்தத் தடத்தை அம்மா காட்டுவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். வாசலிலேயே பார்த்தேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் போனை வைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆசையாகக் கொடுத்தாள் என்று அம்மாவிடம் சொன்ன பொய்யை அன்றைக்கே உன்னிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன். நீ அதைச் சட்டை, கிலுகிலுப்பை, வேப்ப வளையம் எல்லாவற்றோடும் சேர்த்து அந்தக் குழுவில் போட்டு, கீழே எழுதினாய்: "எங்கள் குழந்தையின் பொருள் எதிலும் யாருடைய கண்ணீரும் இல்லை. தொட்டில் சேலைகூட மலையில் ஒரு தாய் ஆசையாகக் கொடுத்தது." எத்தனை பேர் கைகூப்பிப் பாராட்டியிருந்தார்கள்! மஞ்சக்குட்டை டீக்கடையில் அந்த வரியை நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன். எம்பையன் எழுதுனது என்றேன். வீட்டுக்கு வந்து, உத்தரத்தில் துரு ஏறிக் கிடந்த தொட்டில் கொக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு, இழுத்துத் தொங்கிப் பார்த்து, அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

போன வெள்ளிக்கிழமை காலை நான் எடை போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே சரிவில் இருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம் வந்தது. பசி அழுகை வேறு, இது வேறு. ஓடினேன். காப்பிச் செடிக்கு அடியில் சாக்கு விரித்து, அதன் மேல் கவிதா தன் பையனைப் படுக்க வைத்திருக்கிறாள். மேலே கிளையில் முசுறு கூடு கட்டியிருந்திருக்கிறது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுமே, அந்தச் சிவப்பு எறும்பு. பெரிய ஆள்களையே காப்பிக் காட்டில் துள்ள வைக்கும். யாரோ பறிக்கக் கிளையை இழுத்ததில் கூடு உடைந்து அப்படியே பிள்ளை மேல் கொட்டிவிட்டது. நான் போகும்போது கவிதா அவனைத் தூக்கி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணிமை, காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் எறும்பு. அவள் கையையும் கடித்துக்கொண்டிருந்தது, அவள் உணரவே இல்லை. பிள்ளையோடு கவிதாவையும் பாப்பாத்தியையும் எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்பும்போதெல்லாம் அந்தப் பிஞ்சுக்கு மூச்சு அடைத்து அடைத்து வந்தது. ஒரு கண் மூடியே போய்விட்டது.

ஜீப்பில் கோபத்தோடுதான் கேட்டேன். "தொட்டில் கட்டாம எதுக்கும்மா கீழ போட்டீங்க? அறிவிருக்குதா?" பாப்பாத்திக்கு அடக்க முடியவில்லை. "தொட்டில் எதுலீங்க சார் கட்டறது? நீங்க குடுத்த சேல வழுக்குதுங்க. முடிச்சு நிக்கவே மாட்டேங்குது. நேத்து பையன் நழுவி உளுந்திருப்பான், நாந்தான் புடிச்சேன். வேற சேலைக்கு எங்கீங்க போறது?" என்றாள். கவிதா பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அத்த, சும்மா வாங்க. சார் கோச்சுக்கப் போறாரு" என்று அவள் தொடையில் கிள்ளினாள். பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, அவளுக்கு அப்போதும் என் கோபம்தான் கவலை. எனக்கு ஜீப்பிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது.

ஊசி போட்டார்கள், முகத்துக்குக் களிம்பு கொடுத்தார்கள். சாயங்காலம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வீக்கம் இப்போது வடிந்துவிட்டது, பையன் நன்றாக இருக்கிறான். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், நீ பதறியிருப்பாய். ஆனால் ஆஸ்பத்திரியில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். களிம்பு தடவிய நர்ஸ் கவிதாவைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டாள். "பெத்தா மட்டும் போதுமா? பச்சப்புள்ளைய தரைல போட்டுட்டு அப்படி என்ன வேல? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். கவிதா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். தொட்டிலை அவிழ்த்தவன் நான், இவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் கூட்டிட்டு வந்தீங்களே சார்" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன், கண்ணு. அந்த வார்த்தைக்கு லேசாகத் தலைகூட ஆட்டினேன்.

மறுநாள் சேலையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கொடுத்துவிட்டு, நான் கேட்டது தப்பும்மா என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சேலையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. "ஏனுங்க சார், ஆகலீங்களா? எங்கூட்டுத் துணின்னு சின்னம்மா வேண்டாம்னுட்டாங்களா?" என்றாள். சின்னம்மா என்றது நிவேதாவை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கேட்டதில்தான் தப்பு, திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். திருப்பிக் கொடுப்பதும் அவளுக்கு ஒரு அவமானம் ஆகிவிட்டது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, அவிய கடைல வேற வாங்கிட்டாங்க" என்று இன்னொரு பொய்யைச் சொன்னேன். அவள் உள்ளே போய், நான் கொடுத்த பச்சைச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். "அப்ப இதை வச்சுக்கறது நல்லா இருக்காதுங்க சார்." நீயே வைத்துக்கொள் என்று எவ்வளவோ சொன்னேன். என் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அதை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று கிரீச் ரூமைத் திறந்தேன். பைப்பையும் டப்பாக்களையும் என் பொறுப்பில் வெளியே எடுத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவச் சொன்னேன். மேனேஜர் கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம், வேலையா போய்விடும், போனால் போகட்டும் என்று ஒரு வேகம். பறிக்கப் போன பெண்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள், "யாருங்க சார் வர்றாங்க, வெள்ளக்காரங்களா?" மற்றவர்கள் சிரித்தார்கள். யாரும் வரவில்லை, உங்கள் குழந்தைகளுக்குத்தான் என்றேன். சரிங்க சார் என்றார்கள். ஒருத்தியும் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் திறந்து வைத்த அறையை மறுநாளே பூட்டியதையும் அவர்கள்தானே பார்த்திருக்கிறார்கள். பாப்பாத்திக்குக் கூலி கொடுத்து அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வைக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்கப் போகிறேன். நடந்தால் சொல்கிறேன். நடக்காமல் போனாலும் சொல்கிறேன், மறைக்க மாட்டேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் அப்பன் இல்லையா, வாய் சும்மா இருக்காது. நீ தூரத்தில் இருக்கும் ஒரு தையல்காரிக்காக யோசிக்கிறாய், அதை விடாதே. அதோடு பக்கத்தில் இருப்பவர்களையும் பார். உன் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவர், பாப்பாவைக் குளிப்பாட்ட வருகிற அம்மா, ஆபீஸில் உன் கையெழுத்துக்காகக் காத்து நிற்கிறவர், இவர்களிடம் நீ சின்னதாக எதையாவது கேட்பாய். நீ நல்லவன், சிரித்துக்கொண்டுதான் கேட்பாய். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். கேட்பதற்கு முன்னால், இல்லை என்று சொன்னால் இவருக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசி. ஒன்றும் ஆகாது என்று உனக்குத் தெரிவது போதாது, அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இந்த வயதில், தலையெல்லாம் நரைத்த பிறகு, ஒரு கைக்குழந்தையின் முகம் வீங்கித்தான் இது தெரிய வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

பொங்கலுக்கு அவசியம் வாருங்கள். கொக்கி எண்ணெய் போட்டு வழவழவென்று இருக்கிறது. தொட்டிலுக்கான துணியை நீங்களே கொண்டு வாருங்கள், புதுசாக இருந்தாலும் பரவாயில்லை, பாப்பா படுத்துப் படுத்து நைந்துகொள்ளும். வரும்வரை காத்திருக்காமல் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தின் கீழே நீ எழுதிய வரியை எடுத்துவிடு. உன் மேல் தப்பில்லை, நான் சொன்னதை நம்பி எழுதினாய். ஆனாலும் அது அங்கே இருக்கும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. அதன் இடத்தில் இதைப் போடு.

இன்று காலை ரவுண்டு போகும்போது அந்தச் சரிவு வழியாகத்தான் போனேன். வேறு வழியாகப் போயிருக்கலாம், போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பழைய இடத்திலேயே இரண்டு சில்வர் ஓக்குக்கும் நடுவில் வெங்காயத் தோல் நிறத்தில் தொட்டில் தொங்கியது. பையன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான், ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். செடிக்குள் இருந்து கவிதா என்னைப் பார்த்துவிட்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள். தூங்குகிற பிள்ளையை அள்ளி ஒரு தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொரு கையை மேலே முடிச்சில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வேணுங்களா சார்?"

அப்பா